மான் படுத்துச்சா?

சம்பத்துக்கு வில் ஆசை வந்தது கைப்பேசியால்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவுக்கு அவன் சூப்பர்வைசர். கணியம்பாடிப் பக்கத்து ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக வர ஆகும் நேரமெல்லாம் கையில் கைப்பேசிதான். அதில் ஒரு வெள்ளைக்காரன் தினமும் மரத்தின் மேல் உட்கார்ந்து வில்லால் மான் அடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் மனைவி பத்து தடவை சொன்னாலும் காதில் வாங்காத சம்பத், அந்த வெள்ளைக்காரன் சொன்னதை மட்டும் ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்துவைத்திருந்தான். அவன் பேசிய இங்கிலீஷில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது, குடியைக் கெடுக்க.

மானுக்கும் அவனுக்கும் பழைய பகை உண்டு. மலையடிவாரத்தில் அவனுக்கு ஒரு வேர்க்கடலைக் கொல்லை. காப்புக்காட்டிலிருந்து புள்ளிமான்கள் ஓடையைத் தாண்டி வந்து, பிஞ்சு வைக்கும் நேரத்தில் செடியோடு பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். வேலி போட்டான், பழைய புடவை கட்டினான், ரேடியோ பாடவிட்டான். மான்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே தின்றன. ஒரு மானையாவது அடித்துக் கறி தின்றால்தான் மனசு ஆறும் என்று அவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். மானைத் தொட்டால் ஜெயில் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் வில். துப்பாக்கி என்றால் மலை முழுக்கக் கேட்கும். வில்லுக்குச் சத்தம் கிடையாது.

வில்லைச் செய்து கொடுத்தவன் பூவரசன், சம்பத்தின் தங்கை ஜோதியின் புருஷன். மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மிஷின் ரிப்பேர் பார்ப்பவன். எதைக் கையில் கொடுத்தாலும் கழற்றிப் போட்டுவிட்டு முன்னைவிட நன்றாகப் பூட்டித் தருவான். மூங்கிலைப் பிளந்து நெருப்பில் வாட்டி வளைத்தான். ஷூ தைக்கும் நைலான் நூலை முறுக்கி மெழுகு பூசி நாண் போட்டான். தேய்ந்துபோன வெட்டுக்கத்தியை ராவி அம்புக்கு முனை வைத்தான். மரத்திலிருந்து விழாமல் இருக்க இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட்டுகூட, வெள்ளைக்காரன் கட்டியிருப்பதைப் பார்த்து, நல்ல எருமைத் தோலில் ஆளுக்கொன்று தைத்தான்.

அவனிடம் ஒரே ஒரு குறைதான். வாய் மூடாது. பூவரசன் தெருமுனையில் வரும்போதே அவன் பேச்சு வீட்டுக்கு வந்துவிடும். சிரித்தானென்றால் அடுத்த தெருவில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்ளும். கல்யாணமான புதிதில் ஜோதி, "இன்னாண்ணா, ஸ்பீக்கர் செட்டுக்குக் கட்டிக் குடுத்துட்ட?" என்று அண்ணனிடம் அழாத குறையாகக் கேட்டாள். பிறகு அவன் இரண்டு நாள் வேலை விஷயமாக வெளியூர் போனாலே வீடு செத்துக் கிடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

முதல் தடவை இருவரும் ஆளுக்கொரு மரத்தில் பலகை போட்டுப் பரணேறியபோது மான் வந்தது. நல்ல கிடா. சம்பத் நாணை இழுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஓடைக்கு அந்தப்பக்கத்து மரத்தில் பூவரசன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். புதுத் தோல் பெல்ட் கிறீச்சென்றது. அதோடு விட்டானா? "மச்சான், தோ வந்துடுச்சு!" என்று வேறு சொன்னான். மான் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

கீழே இறங்கியதும் சம்பத் கத்தித் தீர்த்துவிட்டான். "உன்ன இட்டுன்னு வந்தேன் பாரு, என்னத்தான் சொல்லணும். கம்முனு ஒரு எடத்துல குந்தத் தெரியாதா மாப்ள உனக்கு? பொம்பளைங்க கூட இம்மா பேச மாட்டாங்க."

பூவரசன் முகம் சுருங்கிப்போனது. கோபப்படுகிறவன் இல்லை அவன். "விடு மச்சான். அடுத்த வாட்டி பாரு. நான் அங்க இருக்கறதே உனக்குத் தெரியாது" என்றான்.

சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அடுத்த தடவை போன அன்று விடிவதற்குள் ஜோதி காபி போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. "கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா யாரு கோர்ட்டுக்கு அலையறது? இவரு ஒரு பைத்தியம், நீ கூப்ட்டா கெணத்துல கூட குதிப்பாரு. அண்ணா, முழுசா இட்டுன்னு போற, முழுசா இட்டுன்னு வந்து வுடணும், ஆமா."

"உன் புருஷன நான் இன்னா கறியாக்கியா துன்னப்போறேன்?" என்றான் சம்பத். பூவரசன் சிரிக்கவில்லை. உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். இன்றைக்கு முழுக்க மௌன விரதமாம். ஜோதிதான் சிரித்தாள்.

இருவரும் கைப்பேசிகளைப் பம்பு செட் அறையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதுவும் வெள்ளைக்காரன் சொன்னதுதான்.

ஏற்பாடு எளிமையானது. கொல்லை ஓரத்து உசில மரத்தில் சம்பத், வில்லோடு. ஓடையைத் தாண்டி, காட்டின் வாயில் இருந்த நாவல் மரத்தில் பூவரசன். அவன் வேலை பார்த்துக்கொண்டிருப்பது மட்டும். அம்பு பட்ட மான் காட்டுப் பக்கம்தான் ஓடும், எந்தப் புதருக்குள் நுழைகிறது என்று மேலிருந்து பார்த்துவைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை. நாவல் மரத்தடி முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. சம்பத் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும், ஆள் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. அம்பு விட்ட பிறகு யாரும் இறங்கக் கூடாது, பேசக் கூடாது. அடிபட்ட மானைத் துரத்தினால் அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலை தாண்டி ஓடிப்போகும். யாரும் துரத்தவில்லை என்று தெரிந்தால் கிட்டத்திலேயே ஒரு புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்தால் எழுந்திருக்காது. அதனால் வெயில் எதிர் மலையின் உச்சியிலிருந்து இறங்கி, பாதி மலையில் இருக்கும் மொட்டைப் பாறையைத் தொடும் வரைக்கும் அசையக் கூடாது. பாறைக் கணக்கு சம்பத் வைத்தது, மற்றது வெள்ளைக்காரன் வைத்தது. பூவரசனை எதிரே நிற்கவைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்பதுபோல அதை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருந்தான் சம்பத்.

வானம் வெளுத்தபோது மான் வந்தது. ஒற்றை மான். ஓடை மணலில் இறங்கி நின்று காதை ஆட்டியது. நாவல் மரத்தில் ஒரு சின்னச் சத்தம் இல்லை. பெல்ட் கிறீச்சிடவில்லை. பரவாயில்லையே மாப்ள என்று நினைத்துக்கொண்டே நாணை இழுத்தான், விட்டான்.

மான் துள்ளியது. துள்ளிய வேகத்தில் ஓடையேறி உண்ணிச்செடிக்குள் பாய்ந்தது. அடுத்த நொடியில் அந்தப் பக்கம் கிளை முறிவது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து தொம்மென்று கனமாக ஒன்று விழுந்தது. சருகு சலசலத்தது. பிறகு அடங்கியது.

விழுந்துவிட்டது! சம்பத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் அப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கம்பெனியில் தோலை வாங்கி வெட்டக் கொடுத்து, திட்டு வாங்கி, திட்டு கொடுத்து, பஸ்ஸேறி வந்து படுக்கும் மனுஷன். தன் கையால் ஒன்று நடந்துவிட்டது என்று மரத்தின் மேல் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். யாருக்கு எவ்வளவு கறி கொடுப்பது என்றுகூட யோசித்தான். ஜோதிக்கு ஈரல்.

கொஞ்ச நேரம் கழித்து உண்ணிச்செடிக்குள் மறுபடி சருகு அசைந்தது. டொக், டொக் என்று கட்டையில் எதுவோ மோதும் சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக், டொக். இன்னும் உயிர் இருக்கிறது, காலை உதைத்துக்கொள்கிறது என்று நினைத்தான். இப்போதுதான் அசையக் கூடாது. பாறையைப் பார்த்தான். வெயில் இன்னும் தொடவில்லை.

சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியில் நின்றுபோனது. அப்பாடா, படுத்துவிட்டது என்று பெருமூச்சு விட்டான் சம்பத். பெருமூச்சு விட்டான் என்று சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் அவன்தான் என்ன செய்வான்? நடந்தது அப்படி.

மொட்டைப் பாறையில் வெயில் பட்டதும் அவசரமில்லாமல் பெல்ட்டை அவிழ்த்து, வில்லைத் தோளில் மாட்டி, இறங்கினான். முதலில் மான் நின்ற இடத்துக்குப் போய் ரத்தம் பார்த்தான். இல்லை. இன்னும் நாலடி போனான். ஓடைக்கரைப் புற்றில் அம்பு பாதி வரை செருகி நின்றது. பிடுங்கிப் பார்த்தான். முனையில் மண்தான் இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு மயிர் ஒட்டியிருக்கவில்லை.

சீ, தப்பிவிட்டதா என்றுதான் முதலில் தோன்றியது. அம்பைத் துடைத்தான். துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மான் மேல் அம்பு படவில்லை. அப்படியென்றால் அங்கே விழுந்தது எது?

"மாப்ள!" என்று அவன் போட்ட சத்தம் மலையில் மோதித் திரும்பியது. உண்ணி முள் கையையும் முகத்தையும் கிழிக்கக் கிழிக்க உள்ளே நுழைந்தான்.

பூவரசன் நாவல் மரத்தடியில் மல்லாந்து கிடந்தான். பரணுக்குப் போட்டிருந்த பலகை இரண்டாக முறிந்து பக்கத்தில் கிடந்தது. அவன் பெல்ட் மேலே கிளையில், பக்கிள் மாட்டாமல் தொங்கியது. கிறீச்சிடும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வலது கையில் ஒரு கல். மரத்தின் அடியில் அந்தக் கல்லால் தட்டிய இடத்தில் பட்டை நைந்திருந்தது.

கண்ணைத் திறந்தான். சம்பத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உதட்டருகே காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும் குரலில், "மான் படுத்துச்சா?" என்றான்.

"ஏன்டா கூப்புடல? ஏன்டா கூப்புடல?" சம்பத் அவனைத் தூக்கப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே உடம்பு சொன்னபடி கேட்கவில்லை.

"எங்க நொழையுதுன்னு எட்டிப் பாத்தேன், பலகை முறிஞ்சிடுச்சு. வலியே இல்ல மச்சான். காலு மட்டும் மரத்துப்போச்சு. சரி, சுளுக்குன்னு வுட்டுட்டேன். கத்துனா மான் எழுந்து ஓடிப்பூடும் இல்ல? அதான் சும்மா தட்டுனேன். நீ வந்தா வா, வராட்டிப் போன்னு." மூச்சு வாங்கினான். "சொல்லு. படுத்துச்சா?"

"படுத்துடுச்சு மாப்ள. பெரிய கிடா" என்றான் சம்பத்.

"சொன்னேன் இல்ல? நான் இருக்கறதே தெரியாதுன்னு" என்று பூவரசன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்கவில்லை.

சம்பத் பம்பு செட்டுக்கு ஓடிப் போன் போட்டதும், லோடு ஆட்டோ வைத்திருக்கும் சர்தார் பாஷா வந்தார். முறிந்த பரணின் கட்டைகளையே ஏணி போலக் கட்டி, அதில் அவனைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார்கள். தோல் துண்டு மூட்டைகளுக்கு நடுவே பூவரசனைப் படுக்கவைத்து, தலையைச் சம்பத் மடியில் வைத்துக்கொண்டான். பாஷா வழியெல்லாம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளேயே ரத்தம் இறங்கியிருக்கிறது என்றார்கள். விழுந்து எவ்வளவு நேரம் என்று கேட்ட டாக்டர், பதிலைக் கேட்டுவிட்டு, "உடனே கொண்டுவந்திருந்தால்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போனார். முடித்துத் திட்டியிருக்கலாம் என்று சம்பத்துக்குத் தோன்றியது.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன்பு ஜோதி வந்துசேர்ந்தாள். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் குனிந்து அவன் பேசியதைக் கேட்டாள். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் நீரோடு ஒரு சின்னச் சிரிப்பும் இருந்தது. அன்று சாயங்காலம் வெளியே கொண்டுவந்தது பூவரசனின் உடம்பை மட்டும்தான்.

ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஏறி விழுந்தான் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியது. வில்லையும் அம்பையும் சம்பத் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தான். மெழுகு பூசிய நாண் நாற்றமடித்துக்கொண்டு எரிந்தது. காரியம் வரைக்கும் அவன் தங்கை வீட்டிலேயே கிடந்தான். பந்தல் போட்டான், பால் வாங்கினான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். தங்கை இருந்த அறைக்குள் மட்டும் போகவில்லை. டொக், டொக் என்று யாராவது கதவைத் தட்டினால் வெளியே எழுந்து போய்விடுவான்.

காரியம் முடிந்த மறுநாள் செத்தவருக்குப் பிடித்த கறிச்சோறு ஆக்கிப் படைப்பது அவர்கள் வழக்கம். காரியத்தன்று பொழுது சாய்ந்ததும் ஜோதி அவனைக் கூப்பிட்டனுப்பினாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணா, அந்த மான் எங்க?"

சம்பத் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"உள்ள கொண்டுபோறப்ப அவரு அதத்தான் சொன்னாரு. 'உங்கண்ணன் மான் அட்ச்சிட்டாரு ஜோதி. நான் வாயே தொறக்கல, கேட்டுப் பாரு'ன்னாரு. அவ்ளோ சந்தோஷம் அவருக்கு. எங்கயாவது மறைச்சி உப்புக் கண்டம் போட்டு வெச்சிருப்ப இல்ல? கொஞ்சம் கொண்டா. நாளைக்கி அவரு எலையில வெக்கணும். உசுரக் குடுத்து வாங்குனது."

"கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான்.

மறுநாள் காலையில் கணியம்பாடிக் கறிக்கடையில் ஆட்டுக்கறி வாங்கினான். மான்கறி போலத் தெரிய வேண்டுமென்று கொழுப்பையெல்லாம் எடுத்துவிடச் சொன்னான். வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து தங்கையின் கையில் கொடுத்தான். அவள் பிரித்துப் பார்த்தாள்.

"இதா?"

சம்பத் தலையை ஆட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மான் இல்ல ஜோதி. அம்பு புத்துல பூந்துகினு கெடந்துது. மான் மேல படவே இல்ல. அவன் கேட்டப்ப மனசு வரல, படுத்துச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் கறியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அவரு தட்டுனது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எம்மா நேரம்?"

"பாறை மேல வெயிலு வர்ற வரைக்கும். மான் காலை ஒதைக்குதுன்னு நெனச்சேன். சந்தோஷமாத்தான் உக்காந்திருந்தேன் ஜோதி."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மசாலா அரைக்கும் சத்தம் கேட்டது. நடுவில் மிக்ஸி நின்றது, வெகுநேரம் ஓடவில்லை. பிறகு மறுபடி ஓடியது.

உச்சிப்பொழுதில் பூவரசன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டார்கள். படத்தில் அவன் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான், வாய் மூடிய படமே வீட்டில் இல்லையாம். சோறு, வடை, முட்டை, அவன் குடிக்கும் சோடா எல்லாம் வைத்த பிறகு ஜோதி கறிச்சட்டியோடு வந்தாள். சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்கள். அவள் குனிந்து இலையில் கறியை அள்ளி வைத்தாள். பக்கத்தில் நின்ற சம்பத்துக்கு மட்டும் கேட்கும்படி, படத்தைப் பார்த்துப் பேசினாள்.

"துன்னுங்க. மான் கறிதான். எங்கண்ணன் அட்ச்சது. நீங்க கம்முனு இருந்ததாலதான் கெடச்சுது."

காக்கைக்கு வைத்துவிட்டு வந்ததும் எல்லோருக்கும் பந்தி போட்டார்கள். சம்பத் வேண்டாம் என்று எழுந்தான். ஜோதி அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். படையல் இலையிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து அவன் சோற்றின் மேல் வைத்தாள். "துன்னுண்ணா. அவரு பாக்கறாரு" என்றாள்.

சம்பத் அதைச் சோற்றோடு பிசைந்து, ஒரு வாய் எடுத்துத் தின்றான்.